நோயியல் பரீட்சை எந்த மொழியில்?

1873ஆம் ஆண்டு மே மாதம் டெக்சாஸ் சட்டசபை வைத்தியத் தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டமொன்றை நிறைவேற்றியது. வைத்தியம் பார்க்க விரும்புகிறவர் மருத்துவக் கல்லூரியொன்றின் பட்டத்தைக் காட்டவேண்டும். அது இல்லாதவர் தன்னுடைய கவுண்டியில் உள்ள வைத்தியர் சபையின் முன்னால் பரீட்சைக்கு நிற்கவேண்டும். சட்டம் காகிதத்தில் இருந்த அளவுக்கு ஊரில் இருக்கவில்லை. இருந்தாலும், நோயைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று வைத்தியனைப் பார்த்து அரசு கேட்கத் தொடங்கிய முதல் இடங்களில் நான் இப்போது வாழும் இந்த மாநிலமும் ஒன்று. (நான் இருக்கும் ரவுண்ட் ராக் ஊரின் சரித்திரம் என்று இங்குள்ளவர்கள் சொல்வது, 1878இல் சாம் பாஸ் என்ற ரயில் கொள்ளையன் இங்கே சுடப்பட்டு இறந்ததைத்தான். வைத்தியச் சட்டத்தை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை.)

அதே 1873இல்தான் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டு அமெரிக்காவுக்குத் திரும்பிப் புறப்பட்டார். மானிப்பாயில் அவர் செய்துகொண்டிருந்ததும் இதே வேலைதான். வைத்தியம் படிக்கும் பொடியன்களிடம், நோயைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று கேட்பது. வித்தியாசம் ஒன்றுதான், அவர் அதைத் தமிழில் கேட்டார்.

கிறீன் 1822இல் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் பிறந்தவர். நாவலர் பிறந்த அதே வருடம். 1845இல் நியூ யோர்க்கில் வைத்தியப் பட்டம் பெற்றார். அந்தக் காலத்து அமெரிக்க வைத்தியப் படிப்பைப் பற்றி இன்றைக்குப் படித்தால் சிரிப்புத்தான் வரும். சில மாத விரிவுரைகள். அடுத்த வருடம் அதே விரிவுரைகளை இன்னொரு முறை கேட்பது. ஒரு வைத்தியரிடம் எடுபிடியாக நின்று தொழில் பழகுவது. கடைசியில் வாய்மொழியாகச் சில கேள்விகள். ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியிலேகூட 1870 வரையில், ஒன்பது பேராசிரியர்கள் ஆளுக்குச் சில நிமிடம் கேள்வி கேட்பார்கள், அதில் ஐந்து பேரைத் திருப்திப்படுத்தினால் பட்டம் என்ற நிலைதான். மற்ற நாலு பாடத்தில் ஒன்றுமே தெரியாமல் ஒருவர் டொக்டராகலாம். 1869இல் தலைவராக வந்த சார்ல்ஸ் எலியட் எழுத்துப் பரீட்சை வேண்டும் என்றபோது, சத்திரசிகிச்சைப் பேராசிரியர் ஹென்றி பிகலோ எதிர்த்தார். பாதிக்கு மேற்பட்ட மாணவர்களுக்குச் சரியாக எழுதவே தெரியாது என்பதுதான் அவர் சொன்ன காரணம். தாய்மொழி ஆங்கிலமான மாணவர்களைப் பற்றிய பேச்சு இது என்பதைக் கவனிக்கவேண்டும். ஆங்கிலம் சரளமாக வராதவனுக்கு அறிவும் குறைவு என்று எங்களைப் பார்த்து நினைப்பவர்கள் இந்தக் கதையை அறிந்திருப்பதில்லை.

கிறீன் 1847இல் வட்டுக்கோட்டைக்கு வந்து, அடுத்த வருடமே மானிப்பாய்க்கு மாறினார். அமெரிக்க மிஷனின் முதல் வைத்தியர் அவரல்லர். 1820இலேயே ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் வைத்தியசாலை வைத்திருந்தார். ஆனால் ஒழுங்காக மாணவர்களைச் சேர்த்து, வகுப்பு வைத்து, வைத்தியர்களை உருவாக்கியவர் கிறீன்தான். 1848இல் தொடங்கியபோது படிப்பு ஆங்கிலத்தில். வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர்கள் வந்து சேர்ந்தார்கள். டான்போர்த், சப்மன், போல் என்று அவர்களுடைய பெயர்களைக் கேட்டால் வெள்ளைக்காரர் என்றே நினைப்போம். எல்லோரும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள். கிறீன் தமிழில் எழுதியதாக நாங்கள் சொல்லும் புத்தகங்களில் இவர்களின் உழைப்பு பெரும்பங்கு. இவர்களுடைய படங்களையோ ஊர்களையோ எங்கள் பாடப்புத்தகங்களில் நான் பார்த்ததில்லை.

1857இல் நாடு திரும்பி, 1862இல் மறுபடி வந்த கிறீன், 1864இல் படிப்பைத் தமிழுக்கு மாற்றினார். இதை 'தமிழ்மீது கொண்ட பற்று' என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போவது எங்கள் மேடைப் பேச்சாளர்களுக்கு வழக்கம். விஷயம் அவ்வளவு நேரானதல்ல. 1855இல் அமெரிக்க மிஷன் தலைமையிலிருந்து வந்த ரூபஸ் அன்டர்சன், ஆங்கிலக் கல்வி மதமாற்றத்துக்கு உதவவில்லை, உத்தியோகத்துக்கே உதவுகிறது என்று கண்டார். வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டது. அன்றைய யாழ்ப்பாணத்தார் அதை விரும்பவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது ஆங்கிலம். ஆகவே கிறீனின் தமிழ்க் கொள்கையில் மிஷனின் கணக்கும் இருந்தது. அதோடு அவர் கண்ணால் கண்ட ஒரு விஷயமும் இருந்தது. ஆங்கிலத்தில் படித்து முடித்த வைத்தியர் அரசாங்கச் சம்பளத்துக்குப் போனார், கோட்டும் காற்சட்டையும் போட்டார், கிராமத்தில் இருக்கவில்லை. தமிழில் படித்தவன் தன் சனத்தோடு இருப்பான் என்று கிறீன் கணக்குப் போட்டார்.

இந்தத் தகராறு அப்போது கீழைத்தேயம் முழுவதும் இருந்தது. கல்கத்தாவில் 1822இல் தொடங்கிய சுதேச வைத்தியப் பள்ளி நாட்டு மொழியில் படிப்பித்தது. 1835இல் பெண்டிங்க் அதை மூடிவிட்டு ஆங்கிலத்தில் மருத்துவக் கல்லூரியைத் திறந்தார். அதே வருடம் சென்னையிலும் மருத்துவப் பள்ளி தொடங்கியது. அடுத்த வருடம் கல்கத்தாவில் மதுசூதன் குப்தா மனித உடலை அறுத்துப் பார்த்ததைப் பெரிய வெற்றியாகச் சொல்வார்கள். அது வெற்றிதான். ஆனால் உடலைத் திறந்த அதே கையோடு மொழியை மூடிவிட்டார்கள். முப்பது வருடம் கழித்து மானிப்பாயில் ஒரு மனிதர் எதிர்த்திசையில் நடந்தார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

படிப்பை மாற்றுவது சுலபம், புத்தகம் வேண்டுமே. 1857இலேயே உடற்கூறு, உடற்றொழில், சுகாதாரம் மூன்றையும் சேர்த்துக் கட்டர் எழுதிய நூலும், மோன்செலின் பிரசவ வைத்திய நூலும் தமிழில் வந்திருந்தன. 1867இல் 'இரண வைத்தியம்'. 1872இல் கிரேயின் உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் வந்தது. அதே வருடம் 'வைத்தியாகரம்'. ஊர் திரும்பியபின் வூஸ்டரில் இருந்துகொண்டே வேலையைத் தொடர்ந்தார்: 1875இல் 'கெமிஸ்தம்', 1883இல் 'மனுஷ சுகரணம்', 1884இல் மருந்துப் பொருட்களைப் பற்றிய நூல். மொத்தம் நாலாயிரம் பக்கங்களுக்கு மேல். இதில் படித்து வெளியேறியவர்களையும் முந்தி ஆங்கிலத்தில் படித்தவர்களையும் சேர்த்தால் அறுபது வைத்தியர்களுக்கு மேல் வரும்.

இவற்றில் நோயியலுக்குச் சம்பந்தமானது வைத்தியாகரம். அது ஹூப்பர் என்ற ஆங்கிலேயர் எழுதிய வைத்தியர் கைநூலின் தமிழ். வில்லியம் கை என்பவர் திருத்திய பதிப்புகளில் அந்த நூலுக்குப் பொது நோயியலின் சுருக்கம் ஒன்று சேர்க்கப்பட்டிருந்தது. முதலில் நோய் என்றால் என்ன, அழற்சி எப்படி நடக்கிறது, காய்ச்சல் என்றால் என்ன என்ற பொதுவான விஷயம். பிறகு தனித்தனி நோய்கள். இன்றைக்கும் மருத்துவ மாணவனைச் சோதிப்பது இந்த இரண்டு பாகமாகத்தான். பொது நோயியல், தொகுதி நோயியல். (இலங்கையில் நாங்கள் நரம்புத் தொகுதி, சமிபாட்டுத் தொகுதி என்று படித்தோம். தமிழ்நாட்டில் அதுவே மண்டலம். இரண்டு கரையும் ஒரு சொல்லுக்கு வரமுடியாமல் இருப்பதும் எங்கள் வியாதிதான்.)

பொது நோயியலில் உலகம் முழுவதும் கேட்கப்படும் முதற் கேள்வி அழற்சியின் குறிகள் என்ன என்பது. முதலாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் செல்சஸ் எழுதிவைத்தார்: ரூபோர், தூமோர், கலோர், டோலோர். இரண்டாயிரம் வருடமாக மாணவர்கள் இதைப் பாடமாக்குகிறார்கள். லத்தீனை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சிவப்பு, வீக்கம், சூடு, நோ. பின்னால் ஐந்தாவதாகச் சேர்த்தது அந்த உறுப்பு வேலை செய்யாமற் போவது. முள்ளுக் குத்திய காலைத் தூக்கிப் பார்க்கும் எந்தக் கிழவியும் இந்த ஐந்தையும் சொல்லுவாள். அதிலும் 'நோ' என்ற சொல்லைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் இன்றும் 'நோகுது' என்றுதான் சொல்கிறோம். நோவும் நோயும் ஒரே வேர். பாடம் எங்கே தொடங்குகிறதோ அங்கே தமிழ் ஏற்கனவே நின்றுகொண்டிருக்கிறது.

தொடக்கம் சரி, ஆழத்துக்குப் போனால் சொல் இல்லையே என்பார்கள். ஆங்கிலத்துக்கு மட்டும் இருந்ததா? 1972இல், வைத்தியாகரம் வந்து சரியாக நூறு வருடம் கழித்து, கெர், வைலி, கரி என்ற மூவர் கலம் தானாக ஒழுங்கோடு மடியும் முறைக்கு 'அப்போப்டோசிஸ்' என்று பெயர் வைத்தார்கள். அது கிரேக்கம். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிப்பது. அபர்டீன் பல்கலைக்கழகத்தில் கிரேக்கம் படிப்பித்த ஒருவரிடம் கேட்டு எடுத்த சொல். ஸ்கொட்லாந்துக்காரன் தன் ஊரில் இலை உதிர்வதற்குத் தன் மொழியில் சொல் இருந்தும் கிரேக்கனிடம் போனான். சொல் இல்லாததற்காக ஒருவரும் விஞ்ஞானத்தை நிறுத்திவைக்கவில்லை. கிறீனும் நிறுத்தவில்லை. தமிழில் இருந்ததை எடுத்தார், சமஸ்கிருதத்தில் எடுத்தார், இரண்டிலும் அகப்படாதபோது 'கெமிஸ்தம்' என்று ஒரே போடாகப் போட்டார். அந்தச் சொல்லைக் கேட்டு இன்றைய தனித்தமிழ்க்காரர்கள் முகம் சுளிக்கலாம். அதை வாசித்துத்தான் மானிப்பாய்ப் பொடியன் மருந்து கலக்கினான்.

அந்தப் பொடியனிடம் வாந்திபேதி ஏன் வருகிறது என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான்? 1866-67இல் யாழ்ப்பாணத்தில் வாந்திபேதி சனத்தை வாரிக்கொண்டு போனது. கிறீனும் மாணவர்களும் அதற்கு நடுவில் வேலை செய்தார்கள். லண்டனில் ஜோன் ஸ்னோ 1854இலேயே தண்ணீர்க் குழாயைக் காட்டிவிட்டார். ஆனாலும் கெட்ட காற்றினால் வருகிறது என்பதைப் பெரிய வைத்தியர்கள் பலர் அப்போதும் விட்டுக்கொடுக்கவில்லை. பெர்லினில் விர்ஹோ, நோயின் இருப்பிடம் கலம் என்ற தன் விரிவுரைகளை நூலாக்கியது 1858இல். வாந்திபேதிக் கிருமியை ரொபேர்ட் கொக் கல்கத்தாவில் அடையாளம் கண்டது 1884இல். அந்த வருடம் மே மாதம்தான் கிறீன் வூஸ்டரில் காலமானார். அதாவது அவருடைய நோயியல் புத்தகம் தமிழில் அச்சாகிப் பன்னிரண்டு வருடத்துக்குள் அதன் அடித்தளமே மாறிவிட்டது. 1872இல் சித்தி பெற்றுத் தந்திருக்கக்கூடிய விடை 1892இல் தவறான விடை.

தமிழ் வைத்தியக் கல்வி ஏன் நின்றது என்பதற்கு எல்லோரும் சொல்லும் காரணம் கொழும்பு. 1870 ஜூன் மாதம் கொழும்பு மருத்துவப் பள்ளி 25 மாணவர்களோடு தொடங்கியது. ஜேம்ஸ் லூஸ் அதன் முதல் அதிபர். பாடமும் பரீட்சையும் ஆங்கிலத்தில். 1880களின் முடிவில் பிரித்தானிய மருத்துவச் சபையே அதன் சான்றிதழை ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு மானிப்பாயில் தமிழில் சோதினை பாஸ் பண்ணியவனுக்கு என்ன மதிப்பு? இது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மற்றப் பாதி, புத்தகத்தைத் திருத்த ஆள் இல்லாமற் போனது. இன்றைய மருத்துவ மாணவர்களின் வேதப்புத்தகமான ரொபின்சின் நோயியல் நூல் 1957இல் வந்தது. அதை எழுதிய ஸ்டான்லி ரொபின்ஸ் இறந்தபின்னும் புத்தகம் சாகவில்லை. மாணவர்களும் மாணவர்களின் மாணவர்களும் திருத்தித் திருத்தி 2020இல் பத்தாவது பதிப்பு வந்தது. திருத்தியவர்களில் முக்கியமான ஒருவர், வினய் குமார், இந்தியாவில் வைத்தியம் படித்தவர். வைத்தியாகரத்துக்கு அப்படி ஒருவரும் வாய்க்கவில்லை. வாய்த்திருக்கக்கூடியவர்கள் ஆங்கிலத்தில் சோதினை எழுதிக் கொழும்புக்கும் மலாயாவுக்கும் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நானும் போனவன்தான்.

1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவபீடம் தொடங்கியபோது கிறீன் இறந்து தொண்ணூற்றுநாலு வருடம். மானிப்பாயிலிருந்து சில மைல். படிப்பு ஆங்கிலத்தில்தான் தொடங்கியது. வேறு வழி இருந்தது என்றும் நான் சொல்லமாட்டேன். எங்களுக்குப் பரீட்சை என்றால் வேறொரு நினைவும் உண்டு. 1970-71இல் மருத்துவபீட அனுமதிக்குச் சிங்கள மொழியில் எழுதியவருக்கு 400க்கு 229 புள்ளி போதும், தமிழில் எழுதியவருக்கு 250 வேண்டும் என்று ஆனது. எந்த மொழியில் எழுதினாய் என்பதே புள்ளியைத் தீர்மானித்தது. அப்படி உள்ளே போன பிள்ளைக்கு, போன முதல் நாளே அந்தத் தமிழும் உதவாது.

நான் விஞ்ஞானபீடம், 2008இல் படிப்பு இடையில் நின்றுபோனது. அதற்கு முன்னம் திருநெல்வேலியில் ஒரே அறையில் என்னோடு மருத்துவபீட மாணவன் ஒருவன் இருந்தான். நோயியல் பரீட்சைக்கு முந்திய வாரங்களில் அறை முழுக்க அவன் சத்தம்தான். போமலின் போத்தல்களில் மிதக்கும் ஈரலையும் சுவாசப்பையையும் பார்த்து இது என்ன, எப்படி வந்தது, இனி என்ன நடக்கும் என்று சொல்லவேண்டும். வசனங்களை ஆங்கிலத்தில் திருப்பித் திருப்பிச் சொல்லுவான். ஓரிடத்தில் தட்டுப்படும். உடனே என்னைப் பார்த்து, "மச்சான், விஷயம் இதுதான்..." என்று தொடங்கித் தமிழில் சொல்லுவான். பாட்டரி போகாத மின்சார வயரில் எலி கடித்த மாதிரி, தண்ணி போகிற குழாயில் பாசி பிடித்த மாதிரி என்று உவமானம் எல்லாம் வரும். தமிழில் சொல்லி முடித்ததும், "ஆ, இப்ப விளங்குது" என்று மறுபடி ஆங்கிலத்துக்குப் போவான். விளங்கியது ஒரு மொழியில், புள்ளி கிடைத்தது இன்னொரு மொழியில். பரீட்சகர் அந்த நடுவில் நடந்ததை ஒருநாளும் கண்டிருக்கமாட்டார்.

இங்கே ரவுண்ட் ராக்கில் டெக்சாஸ் ஏ அன்ட் எம் பல்கலைக்கழகம் 2009இல் மருத்துவ வளாகமொன்றைத் தொடங்கியது. நான் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடைக்கு மாணவர்கள் வந்து, ஒரு தேத்தண்ணியோடு மூன்று மணித்தியாலம் குந்துவார்கள். மேசையில் கேள்வி அட்டைகள். இவர்கள் எழுதும் முதல் தேசியப் பரீட்சையில் ஏறக்குறைய பாதி நோயியல். ஒரே நாளில் 280 வரை கேள்விகள், எல்லாம் கணினியில், சரியான விடையைத் தெரிவு செய்வது. 2022 ஜனவரி வரை அதன் புள்ளி ஒருவருடைய தலைவிதி. அதற்குப் பிறகு சித்தியா இல்லையா என்பது மட்டும்தான். ஒன்பது பேராசிரியர்களுக்கு முன்னால் நின்ற காலத்தோடு ஒப்பிட்டால் இது நியாயமான பரீட்சை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பெயரையும் நிறத்தையும் கணினி பார்க்காது.

ஆனால் இன்னொரு பரீட்சையும் இருந்தது. 2004 தொடக்கம், நடிகர்களை நோயாளிகளாக இருத்தி, மாணவன் அவர்களோடு பேசுவதைச் சோதித்தார்கள். அதில் ஆங்கிலப் பேச்சுக்குத் தனியாகச் சித்தி பெறவேண்டும். நாடு முழுவதற்கும் ஐந்து நிலையங்கள். அதில் ஒன்று எங்களுக்கு மூன்று மணித்தியாலத் தூரத்திலுள்ள ஹூஸ்டன். இலங்கையிலும் இந்தியாவிலும் வைத்தியராக இருந்தவர்கள் ஆயிரம் டொலருக்கு மேல் கட்டி, விமானமேறி வந்து, நடிகரின் பொய் வயிற்றுவலியை ஆங்கிலத்தில் விசாரித்துவிட்டுப் போனார்கள். 2020இல் கொரோனாவோடு நிறுத்தி, 2021 ஜனவரியில் அதை முற்றாகக் கைவிட்டார்கள். நோயாளி என்ன மொழியில் பேசுவார் என்பதை அந்தப் பரீட்சை முன்கூட்டியே முடிவு செய்திருந்தது. டெக்சாசில் அந்த முடிவு எவ்வளவு சரி என்பதை எங்கள் கடைச் சமையலறைக்கு வந்தால் தெரியும். அடுப்படியில் இருப்பவர்களில் பாதிப்பேர் எண்ணெய் சுட்டால் ஸ்பானிய மொழியில்தான் கத்துவார்கள்.

போன வருடம் தெரிந்த குடும்பத்து அம்மா ஒருவரை வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனேன். பிள்ளைகள் வேலைக்கு, நான் மொழிபெயர்ப்பாளர். வைத்தியருக்கு முன்னம் மாணவி ஒருத்தி வந்தாள், பொறுமையான பிள்ளை. என்ன செய்கிறது என்று கேட்டாள். அம்மா சொன்னா: "கால் உளையுது, தலை அம்முது, விடியப்புறத்தில ஒரே அந்தரமாக் கிடக்கு." உளைவு வேறு, குத்து வேறு, நோ வேறு, எரிவு வேறு. நான் எல்லாவற்றுக்கும் ஒரே ஆங்கிலச் சொல்லைத்தான் வைத்திருந்தேன். 'அந்தரம்' என்பதற்கு அதுவும் இல்லை. நெஞ்சுக்குள்ளா, வயிற்றுக்குள்ளா, பயமா என்று மாணவி மாற்றி மாற்றிக் கேட்டாள். அம்மா மூன்றுக்கும் தலையாட்டினா. அது மூன்றும் சேர்ந்ததுதானே. அந்த மாணவி பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்தவளாகத்தான் இருப்பாள். கேள்வித்தாளில் 'அந்தரம்' வந்திருக்காது.

2022 ஒக்டோபரில் போபாலில் ஹிந்தி மொழியில் மருத்துவப் பாடநூல்களை வெளியிட்டார்கள். முதல் வருடப் பாடங்கள் மூன்று: உடற்கூறு, உடற்றொழில், உயிர்இரசாயனம். பத்திரிகைகள் அதைப் பெரிய புதுமையாக எழுதின. அதன் அரசியல் நோக்கம் வேறு, அதற்குள் நான் இறங்கவில்லை. மனுஷ அங்காதிபாதம் அச்சேறி அப்போது நூற்றைம்பது வருடம். தமிழ்ப் பத்திரிகைகளில் நான் பார்த்த அளவில் அதைச் சொன்னவர்கள் குறைவு.

1891இல் எபனேசர் கட்லர் என்பவர் கிறீனின் கடிதங்களைத் தொகுத்து அவருடைய வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். வூஸ்டரில் அவருடைய கல்லறைக் கல்லில் பெயருக்குக் கீழே அவர் தமிழருக்கு வைத்திய ஊழியராக இருந்தவர் என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. அதுவும் ஆங்கிலத்தில்.